கோட் எழுதுமுன் ஸ்கிரீனைக் காகிதத்தில் வரைந்து காட்டுவது வேலையா, விளையாட்டா?

வீசைக்கல் (யாங்கோன்), சனி காலை

எல்லோருக்கும் வணக்கம். பயின்னவுங் மார்க்கெட்டில் என் தாய்மாமாவுக்குப் பயறுக்கடை. உளுந்து, பாசிப்பயறு, துவரை, கொண்டைக்கடலை. மூட்டையாகவும் போகும், வீசைக் கணக்கில் (ஒரு பர்மிய வீசை ஏறக்குறைய 1.6 கிலோ) உதிரியாகவும் போகும். பாதிக்கு மேல் கடன் வியாபாரம்.

போன வருஷம் நானும் ஒரு நண்பனும் நாலு மாதம் ராப்பகலாக உட்கார்ந்து இந்தக் கடைக்கு ஒரு கணக்கு ஆப் செய்தோம். மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் கணக்குப்பிள்ளை பழையபடி சிவப்பு அட்டைப் பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். என்ன கோளாறு என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் ஒரே பதில்: "நல்லாத்தானே இருக்கு தம்பி." பில் போடும் பர்மியப் பெண்ணிடம் கேட்டேன். அவரும் "கவுங்டே, கவுங்டே" (நல்லா இருக்கு) என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மாமா இப்போது மறுபடி ஒரு வாய்ப்புத் தருகிறார். ஏப்ரலில் வரும் தீங்யான் புத்தாண்டுக்கு முன்னால் எதையாவது காட்ட வேண்டும். இந்தத் தடவை ஒரு வரி கோட் எழுதுமுன் டிசைனைச் சோதித்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். நண்பன் ஃபிக்மாவில் (கணினியில் ஸ்கிரீன் வரையும் மென்பொருள்) செய்யலாம் என்கிறான். காகிதத்திலேயே வரைந்து சோதிக்கலாம் என்று நான் படித்திருக்கிறேன். ஆனால் அறுபது வயதுக்காரர் முன்னால் வெட்டிய தாளைக் கொண்டுபோய் வைத்தால், "நாலு மாசத்துக்கு அப்புறம் இதுதானா?" என்று கேட்க மாட்டாரா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


மௌலமைன்காரன் (இப்போது சிங்கப்பூர்), சனி மதியம்

தம்பி, கேட்பார். கேட்கட்டும். காகிதத்தைத்தான் எடுத்துப் போங்கள்.

உங்களுக்கு நடந்தது என்ன என்று நான் இங்கிருந்தே சொல்கிறேன். அது ஆனாடே. பர்மாவில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதை விளக்க வேண்டாம். எதிரே இருப்பவர் மனம் நோகுமே, அவருக்குச் சங்கடமாகுமே என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொள்வது. நம் ஆட்களும் அதில் முழுசாக ஊறியவர்கள்தான். கணக்குப்பிள்ளைக்கு நீங்கள் முதலாளியின் மருமகன். நாலு மாதம் தூக்கம் கெட்டு ஒன்றைச் செய்து, பளபளவென்று கையில் கொடுக்கிறீர்கள். அதை நொட்டை சொல்ல அவருக்கு மனம் வருமா? பேசாமல் நோட்டுக்குத் திரும்புவதுதான் அவர் சொன்ன பதில்.

காகிதம் இந்த இடத்தில்தான் உதவும். காசு மிச்சம், நேரம் மிச்சம் என்று எல்லோரும் சொல்வது இரண்டாம் பட்சம். பென்சிலில் கோணல்மாணலாகக் கிழித்த கட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆனாடே வராது. அது இன்னும் முடியவில்லை என்று கண்ணுக்கே தெரிகிறது. பேனாவை எடுத்து அவரே அடித்துத் திருத்துவார்.

செய்முறை சொல்கிறேன். போன் அளவுக்குத் தாளை வெட்டுங்கள், ஒரு ஸ்கிரீனுக்கு ஒரு தாள். கீழே இறங்கும் பட்டியல், எச்சரிக்கைப் பெட்டி, கீபோர்டு எல்லாம் தனித்தனித் துண்டு. ஒருவர் 'கம்ப்யூட்டர்' ஆக வேண்டும். கடைக்காரர் தாளில் பட்டனைத் தொட்டதும் அடுத்த தாளை எடுத்து வைப்பது மட்டும்தான் அவர் வேலை. வாய் திறக்கக் கூடாது. இன்னொருவர் குறிப்பெடுக்க வேண்டும். அப்புறம் "எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வேலை கொடுங்கள்: "தாத்தோன்காரர் பத்து மூட்டை உளுந்து கடனுக்கு எடுக்கிறார். பதிந்து காட்டுங்கள்." செய்துகொண்டே மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே உங்கள் டிசைன் தடுக்குகிறது என்று அர்த்தம்.

இன்னொரு தந்திரம். "இதை வரைந்தது நான் இல்லை, வேறொருவர்" என்று சொல்லிப் பாருங்கள். சின்னப் பொய்தான். ஆனால் நாக்கு அவிழ்ந்துவிடும்.

இது ஏதோ ஏழைகளின் வழி என்று நினைக்க வேண்டாம். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் விளையாட்டு வீரர்களுக்குக் குரல் செய்தி விடவும் கேட்கவும் ஐபிஎம் ஒரு அமைப்பைச் செய்தது. ஜான் கூல்ட் என்பவரின் குழு, கோட் எழுதுமுன் ஒரு பக்கக் காகிதங்களில் "நீங்கள் இதை அழுத்தினால் இது கேட்கும்" என்று உரையாடலை அச்சடித்து ஆட்களிடம் காட்டித் திருத்திக்கொண்டே போனது. அதே கூல்டும் கிளேட்டன் லூயிஸும் 1985-ல் எழுதிய கட்டுரையில் சொன்னது மூன்றே விஷயம்: பயன்படுத்தப் போகிறவரிடம் ஆரம்பத்திலேயே போ, அவர் செய்வதை அளந்து பார், திருத்தித் திரும்பப் போ. நாற்பது வருஷம் ஆகிறது. நாம் இன்னும் முதல் படியிலேயே தடுக்கி விழுகிறோம்.


நாலாவது_மாடி (யாங்கோன்), சனி மாலை

காகிதம் எல்லாம் அந்தக் காலம். ஃபிக்மாவில் அரை நாளில் கிளிக் செய்கிற மாதிரி ஒன்று செய்துவிடலாம். நிஜ போனில் நிஜ விரலால் தொடலாம். கத்தரிக்கோல் எடுத்து வெட்டிக்கொண்டிருக்கிற நேரத்தில் நான் இருபது ஸ்கிரீன் முடித்துவிடுவேன்.


சுண்டெலி, சனி மாலை

அரை நாளா? எந்த அரை நாள் அண்ணே, கரண்ட் இருக்கிற அரை நாளா, இல்லாத அரை நாளா?


நாலாவது_மாடி, சனி மாலை

சரி, அது நியாயம்தான். எங்கள் மாடியிலும் இப்போதுதான் வந்தது. ஒரு வழி உண்டு. ஸ்கிரீன்களைப் படமாக இறக்கி போன் கேலரியில் வரிசையாகப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பவர்பாயின்ட்டில் படங்களுக்கு லிங்க் கொடுத்துக்கொள்ளுங்கள். நெட் இல்லாமலே ஓடும். கடையில் ஃபிக்மாவைத் திறந்து வைத்துக்கொண்டு அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால், மாமா ஆப்பே அப்படித்தான் சுற்றும் என்று நினைத்துவிடுவார்.


அனாரத்தா_வீதி (யாங்கோன்), ஞாயிறு காலை

டிசைன் வேலையே என் பிழைப்பு என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அண்ணன்மார் இருவர் சொல்வதும் சரி, ஆனால் இருவரும் எழுத்தை மறந்துவிட்டார்கள்.

ஃபிக்மாவில் ஆங்கிலத்தில் 'சேவ்' என்று எழுதி அளவாக ஒரு பட்டன் வரைந்துவிடுவோம். அதே இடத்தில் 'சேமிக்கவும்' என்று போட்டால் பட்டன் பிதுங்கும். பர்மிய எழுத்துக்கு வேறு தொல்லை. மேலேயும் கீழேயும் அடுக்கு ஏறும், ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் தலையும் காலும் வெட்டுப்படும். சொல்லுக்குச் சொல் இடம் விடாத எழுத்து வேறு. வரியை எங்கே மடக்குவது என்று தெரியாமல் சில பழைய போன்கள் சொல்லின் நடுவில் உடைத்துவிடும். ஆகவே போலி எழுத்தை நிரப்பிச் சோதித்தால் அந்தச் சோதனைக்கு மதிப்பே இல்லை. முதல் நாளிலிருந்தே நிஜப் பெயர், நிஜ விலை, நிஜ வாசகம் போடுங்கள்.

பழைய பர்மிய எழுத்துருவான ஸௌஜியின் கதையையும் மறக்காதீர்கள். நாடு உலகப் பொது எழுத்துக் குறிமுறையான யூனிகோடுக்கு மாறிய நாள் 2019 அக்டோபர் 1. ஆனால் பழைய போன்களில் ஸௌஜியில் தட்டிச் சேர்த்த பெயர்களும் செய்திகளும் இன்னும் கிடக்கின்றன. இரண்டும் எழுத்துகளுக்கான ஒரே குறியெண்களை வேறு வேறு விதமாகப் பயன்படுத்துவதால் ஒன்றில் எழுதியது மற்றதில் குப்பையாகத் தெரியும். இதைக் காகிதம் ஒருநாளும் காட்டிக்கொடுக்காது. கடையில் உள்ளவர்களுடைய சொந்த போன்களை வாங்கிப் பாருங்கள்.

பெயர்க் கட்டத்தையும் பார்த்துச் செய்யுங்கள் தம்பி. வெளியூர் டெம்ப்ளேட்டை எடுத்தால் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். பர்மியருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. நம் ஆட்களுக்கோ வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், அடையாள அட்டையில் ஒரு பர்மியப் பெயர். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் இரண்டாவது கட்டம் கட்டாயம் என்று வைத்துவிட்டார்கள். பதிவுகளைத் திறந்து பார்த்தால் வரிசையாகப் புள்ளி, கோடு, இல்லையென்றால் அதே பெயர் மறுபடியும்.


கணக்கு_வாத்தியார், ஞாயிறு மதியம்

எத்தனை பேரிடம் சோதிப்பது என்று யாரும் சொல்லவில்லை. ஐந்து பேர் போதும் என்று ஒரு மந்திரம் சுற்றுகிறது. டிசைன் சோதனை நிபுணர் யாகோப் நீல்சன் 2000-ல் எழுதியது. ஒரு ஆளிடம் ஒரு பிழை வெளிப்படும் வாய்ப்பு சராசரி 31 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேரில் ஏறக்குறைய 85 சதவீதப் பிழைகள் கண்ணில் பட்டுவிடும். கணக்கு சரிதான். ஆனால் அந்த 31-ஐ எல்லோரும் மறந்துவிட்டு ஐந்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். பத்துப் பேரில் ஒருவருக்கு மட்டும் இடறுகிற பிழையாக இருந்தால், அதே ஐந்து பேரில் அது தென்படும் வாய்ப்பு 41 சதவீதம்தான். கடன் கணக்கில் அப்படி ஒரு பிழை நின்றுபோனால் மாமா உங்களைச் சும்மா விடமாட்டார்.

ஐந்து பேர் என்றால் ஒரே மாதிரி வேலை செய்யும் ஐந்து பேர். உங்கள் கடையில் கணக்குப்பிள்ளை, பில் போடுபவர், மாமா என்று மூன்று வகை. அதையும் யோசியுங்கள்.


மௌலமைன்காரன், ஞாயிறு மாலை

வாத்தியாரே, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீல்சன் சொன்னதன் மறுபாதியையும் சொல்லிவிடுங்கள். பதினைந்து பேருக்குக் கொடுக்கக் காசு இருந்தால், ஒரே தடவையில் எல்லோரிடமும் காட்டாமல் ஐந்தைந்து பேராக மூன்று சுற்று வை, நடுவில் திருத்து என்கிறார். ஒரு கடையில் ஐந்து பேர் கிடைப்பதே பெரிது. தம்பி, இருக்கிறவர்களை வைத்து ஆரம்பியுங்கள்.


வீசைக்கல், அடுத்த வெள்ளி இரவு

போய் வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியாழன் மதியம், கூட்டம் ஓய்ந்த நேரம். மூட்டை மேல் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் தாள்களைப் பரப்பினேன். நண்பன் கம்ப்யூட்டர், நான் குறிப்பு. மாமா எட்டிப் பார்த்து, "என்னடா, பல்லாங்குழி ஆடப் போறீங்களா?" என்றார். கணக்குப்பிள்ளை, பில் போடும் பெண், கீழே எடை போடும் இரண்டு பையன்கள், கடைசியில் மாமா. ஐந்து பேர், வாத்தியார் மன்னிக்கவும்.

கணக்குப்பிள்ளை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தாத்தோன்காரர் பத்து மூட்டை. பேனா மூடியால் தாளில் 'புதிய கடன்' கட்டத்தைத் தொட்டார். நண்பன் அடுத்த தாளை வைத்தான். பெயர், சரக்கு, அளவு, விலை எல்லாம் எழுதினார். 'சேமி'யைத் தொட்டார். நாங்கள் வரைந்திருந்தபடி நண்பன் மறுபடி அதே வெற்றுப் படிவத்தை வைத்தான். முந்தைய ஆப்பிலும் அப்படித்தான். சேமித்ததும் படிவம் காலியாகிவிடும்.

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "எழுதினது எங்கே போச்சு?"

நான் பேசவில்லை. அவர் திரும்ப முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார். பாதியில் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்: "போன தடவையும் இப்படித்தான் தம்பி. போட்டா மறைஞ்சு போகுது. ஏறலையோன்னு மறுபடி போட்டேன். சாயங்காலம் பார்த்தா ஒரே ஆள் பேர்ல ரெண்டு கடன். நான்தான் தப்பா அழுத்திட்டேன் போலன்னு பேசாம விட்டுட்டேன்."

நாலு மாத வேலை மூன்று நாளில் படுத்ததற்குக் காரணம் இவ்வளவுதான். ஒரு வருஷமாக என்னிடம் சொல்லாததை ஒரு துண்டுத்தாள் ஐந்து நிமிஷத்தில் சொல்ல வைத்துவிட்டது. மௌலமைன் அண்ணனுக்கு ஒரு லப்பெயே (டீ) கடன்பட்டிருக்கிறேன். அப்புறம் அவரே தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பேரேட்டுப் பக்கம் மாதிரி கோடு போட்டு, "இங்கே, நேத்து வரிக்குக் கீழே இன்னைக்கு வரி வந்து உட்காரணும். கண்ணால பார்த்தாத்தான் எழுதினதா அர்த்தம்" என்றார்.

எடை போடும் பையன் காட்டிக்கொடுத்தது வேறு. இரண்டு வீசை ஐந்து சாத்தா பாசிப்பயறு பதியச் சொன்னேன். '2.5' என்று எழுதினான். அவனுக்கு அது இரண்டு வீசையும் ஐந்து சாத்தாவும். நூறு சாத்தா ஒரு வீசை என்பதால் ஆப் கணக்கில் அது 2.05 ஆக இருந்திருக்க வேண்டும். 2.5 என்று ஏறியிருந்தால் நாற்பத்தைந்து சாத்தா அதிகம், முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. புள்ளியை எடுத்துவிட்டு வீசைக்கு ஒரு கட்டம், சாத்தாவுக்கு ஒரு கட்டம் என்று அங்கேயே பென்சிலில் திருத்தினோம். இரண்டாவது பையனிடம் உடனே காட்டினோம். நிற்காமல் எழுதினான்.

மாமா மாட்டிக்கொண்டது பூஜ்யத்தில். மூட்டை விலையை லட்சத்தில் சொல்கிறவர், தாளில் பூஜ்யம் போடும்போது விரலை வைத்து எண்ணினார். தொகைக்குக் கீழே 'ஒரு லட்சத்து எண்பதாயிரம்' என்று எழுத்தில் வந்தால் நல்லது என்றார். பில் போடும் பெண்ணுக்கு அதே வரி பர்மியத்தில் வேண்டும்.

பெயர் விஷயத்தில் அனாரத்தா அக்கா சொன்னதற்கும் ஒரு படி மேலே போய்விட்டது. கணக்குப்பிள்ளை 'தாத்தோன் சோடாபுட்டி' என்று எழுதினார். அந்த ஆளின் நிஜப் பெயர் இரண்டும் அவருக்குத் தெரியாது.


பழைய_ரங்கூன் (சென்னை), சனி காலை

வரி கண்ணில் பட வேண்டும் என்று அவர் சொன்னது எனக்குப் புரிகிறது. 1964-ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு நாங்கள் கப்பல் ஏறினோம். பேரேடு கையோடு வரவில்லை. ஆனால் அப்பா கடைசிவரை, "அவர் கணக்கு இடது பக்கம், மேலேயிருந்து நாலாவது வரி" என்று சொல்வார். கணக்கு எழுதுகிறவனுக்குத் தொகை மட்டும் நினைவில் இருப்பதில்லை, அது உட்கார்ந்திருக்கும் இடமும் சேர்ந்தே இருக்கும். புதுக் கடனை மேலே சேர்த்துப் பழையதைக் கீழே தள்ளிவிடாதீர்கள் தம்பி.


நாலாவது_மாடி, சனி மதியம்

தாள் ஜெயித்தது, சரி. ஆனாலும் நான் விடவில்லை. போனில் ஒரு தடவை காட்டாமல் கோட் எழுதினால் மறுபடி அடி வாங்குவீர்கள்.

ஒரு யோசனையும் உண்டு. எடையை வாயால் சொன்னால் போன் எழுதிக்கொள்ளட்டுமே? "இரண்டு வீசை ஐந்து" என்றால் போதும்.


மௌலமைன்காரன், சனி மாலை

அதையும் கோட் இல்லாமலே சோதிக்கலாம். எண்பதுகளின் தொடக்கத்தில் கேட்டு எழுதும் தட்டச்சு இயந்திரத்தை ஐபிஎம் அப்படித்தான் பார்த்தது. பேசுகிறவர் முன்னால் ஒரு திரை, அடுத்த அறையில் ஒரு தட்டச்சர். மூட்டைக்குப் பின்னால் நண்பனை உட்கார வைத்துத் தட்டச் சொல்லுங்கள். முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடுங்கள், அது முக்கியம்.

பாக்கெட்டில் வைத்துச் சுமப்பதும் ஒரு சோதனைதான். பாம் பைலட் என்ற கையடக்கக் கணினி வருமுன் அதை உருவாக்கிய ஜெஃப் ஹாகின்ஸ் சட்டைப் பைக்குள் போகிற அளவுக்கு ஒரு மரத்துண்டை வெட்டி, கூட்டங்களில் அதை எடுத்துக் குறிப்பெழுதுவது போல நடித்துப் பார்த்தாராம். எழுதுகோலுக்குச் சாப்பிடும் குச்சி. நம் ஊரில் அதற்கு மட்டும் பஞ்சமில்லை.


வீசைக்கல், அடுத்த செவ்வாய் இரவு

இரண்டாம் சுற்று முடிந்தது. படங்களுக்கு லிங்க் கொடுத்து கணக்குப்பிள்ளையின் சொந்த போனிலேயே போட்டுக் காட்டினேன்.

நாலாவது மாடி அண்ணனுக்கும் ஒரு லப்பெயே. தாளில் நாங்கள் நம்பர் பட்டன்களைத் தாராளமாகக் கட்டைவிரல் அகலத்துக்கு வரைந்திருந்தோம். போனில் அவை பாதியாகச் சுருங்கின. பயறுத் தூசி படிந்த விரல். ஐந்தைத் தொட்டால் எட்டு விழுகிறது. பட்டனுக்குக் குறைந்தபட்ச அளவு என்று ஆண்ட்ராய்டு சொல்லும் 48 டிபி, அதாவது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர், அந்தக் கைக்குப் பத்தாது. முன்வாசல் வெயிலில் சாம்பல் நிற எழுத்து ஒன்றும் தெரியவில்லை. அவர் ஒரு கையில் முறத்தைப் பிடித்துக்கொண்டு மறு கைக் கட்டைவிரலால் தட்டுகிறார், 'சேமி'யோ எட்டாத மூலையில் இருக்கிறது. இது எதையும் காகிதம் சொல்லவில்லை.

வாயால் சொல்கிற யோசனை அரை மணி நேரத்தில் செத்தது. நண்பன் மூட்டைக்குப் பின்னால் குந்தித் தட்டினான். கணக்குப்பிள்ளை எண்ணைத் தமிழில் ஆரம்பித்து, எதிரே பர்மிய வியாபாரி நிற்பதைப் பார்த்ததும் பாதியில் பர்மியத்துக்குத் தாவுகிறார். நடுவில் லாரி ஹாரன். மனிதக் காது கொண்ட என் நண்பனே நாலில் ஒன்றைத் தப்பாகத் தட்டினான். உண்மையைச் சொன்னதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நண்பன் உடம்பெல்லாம் உளுந்துப் பொடி.

இன்னொரு விஷயம். இன்று மாலை மாமா போன் செய்தார். அந்தக் காகித ஸ்கிரீன், வீசையும் சாத்தாவும் தனிக் கட்டம் போட்டது, அதை இருநூறு பிரதி எடுத்துத் தரச் சொல்கிறார். எடை போடும் பையன்கள் அதையே சீட்டாக எழுதி மேலே அனுப்புகிறார்களாம். ஆப் வருகிறபோது வரட்டும் என்கிறார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.


அனாரத்தா_வீதி, செவ்வாய் இரவு

உடனே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். எழுதிய சீட்டுகளை மட்டும் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். ஒரு வாரம் கழித்து எல்லாவற்றையும் பரப்பி, எந்தக் கட்டம் காலியாகவே வருகிறது, ஓரத்தில் எதைக் கிறுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தச் சீட்டுகளின் படத்தை இங்கேயும் போடுங்கள், பெயர்களை மறைத்துவிட்டு.


வீசைக்கல், செவ்வாய் இரவு

சரி அக்கா. கரண்ட் வந்ததும் கடைத்தெருவுக்குப் போய் ஜெராக்ஸ் எடுக்கிறேன்.